கெப்புக்கு இன்டர்கூலர் பூட்டப் போகிற தம்பிக்கு

போன மாதம் தம்பி ராம்பொடை ஏற்றத்தில் நின்றுகொண்டு கோல் எடுத்தான். பின்னால் வெங்காய மூட்டையும் கருவாட்டுப் பெட்டியுமாக முக்கால் தொன் பாரம். சூடு காட்டும் முள் சிவப்புக்குக் கிட்டப் போய்விட்டதாம். பொனட்டைத் திறந்து வைத்துவிட்டு நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம்.

"அக்கா, இன்டர்கூலர் பூட்டினா எல்லாம் சரியாகுமாம். மலிவா ஒண்டு வந்திருக்கு. வாங்கட்டே?"

"முதல்ல ரேடியேற்றரைப் பாரடா" என்றேன். மூஞ்சி சுருங்கியது போனிலேயே கேட்டது.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், பிறகு ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதையும்தான் இங்கே எழுதுகிறேன். பழைய டீசல் கெப் வைத்திருக்கிற மற்றத் தம்பிமாருக்கும், கெப் ஓடுகிற தங்கச்சிமாருக்கும் உதவும். எங்கள் அப்பா வவுனியாவில் ரேடியேற்றருக்கு ஈயம் பற்றவைத்துத்தான் எங்கள் மூன்று பேரையும் படிப்பித்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அவருடைய கராஜில் வேலை இருக்கும். கழற்றின தொட்டியைக் கழுவுவது, குழாய்க்குள் கம்பி விடுவது, ஓட்டை பார்ப்பது. எஞ்சின் முழுதும் எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். எஞ்சினின் சூடு எங்கே போகிறது, எங்கே போகாமல் நிற்கிறது என்பது மட்டும் கை பழகின விசயம்.

தம்பியின் வாகனம் மிட்சுபிஷி எல்200 டபுள் கெப். 2477 சி.சி. டீசல், டர்போ உண்டு, இன்டர்கூலர் கிடையாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினபோது "இரண்டு வருசம் இதை ஓட்டுவம், பிறகு மாத்துவம்" என்றான். 2025 பெப்ரவரியில் கதவு திறந்தபோது விலையைக் கேட்டுவிட்டு வந்து பேசாமல் கெப்பைக் கழுவினான். ஆகவே இருக்கிறதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்டர்கூலர் எந்தச் சூட்டை ஆற்றும்?

இங்கேதான் எல்லோரும் பிழைவிடுகிறார்கள். தண்ணீர் கொதிக்கிறது என்று இன்டர்கூலர் வாங்குகிறார்கள். இன்டர்கூலர் தண்ணீரை ஆற்றுகிற சாமான் இல்லை. டர்போ அமுக்கி அனுப்புகிற காற்றை ஆற்றுகிறது. இரண்டும் வேறு வேறு சூடு.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமல்லவா? டர்போவிலும் அதேதான். வவுனியா மத்தியானம் 33 பாகை என்று வை. டர்போ 0.6 பார் அமுக்கம் கொடுத்தால் அந்தக் காற்று எஞ்சினுக்குப் போகும்போது நூறு பாகைக்குக் கிட்ட வந்துவிடும். பாரத்தோடு ஏற்றம் ஏறி நிறுத்தின உடனே டர்போவிலிருந்து இன்டேக்குக்குப் போகிற குழாய் சுட்டுவிடும். கையை வைக்காதே. சூடான காற்று ஐதான காற்று. அதே காற்றை 55 பாகைக்கு இறக்கிவிட்டால், குழாயில் கொஞ்சம் அமுக்கம் குறைந்தாலும் கணக்குப்படி பத்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். டீசல் அதே அளவு, காற்று கூட. எரிவது சுத்தமாக எரியும், எக்ஸோஸ்டின் சூடு இறங்கும், கரும்புகை குறையும்.

இதில் "பிக்கப்" கூடாதா என்று கேட்பாய். கூடும், கொஞ்சம். புகை கக்கிக்கொண்டு ஏறுகிற இடத்தில் தெரியும், சமதரையில் தெரியாது. அமெரிக்காவில் டொட்ஜ் கம்பனி 1989 இல் கமின்ஸ் 5.9 லீற்றர் எஞ்சின் போட்டுக் கெப் விட்டது. முதலில் வந்தவற்றில் டர்போ இருந்தது, இன்டர்கூலர் இல்லை. 1991 நடுப்பகுதியில் சேர்த்தார்கள். குதிரைவலு எவ்வளவு கூடியது தெரியுமா? முன்னும் 160, பின்னும் 160. கம்பனிக்காரன் குளிர்மைக்காகப் பூட்டினதைத்தான் நாங்கள் வேகத்துக்காகப் பூட்டப் பார்க்கிறோம்.

எங்கள் எல்200 எஞ்சினுக்கு, அதாவது 4டி56 என்கிறதற்கு, இந்தக் குளிர்மை இன்னும் முக்கியம். அதன் ஹெட் அலுமினியம். சூடு மிஞ்சினால் வால்வுகளுக்கு நடுவில் வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோடு. தண்ணீர் எங்கே போகிறது என்று தேடித்தேடியே ஒரு வருசம் போகும், பிறகு ஹெட்டே போகும்.

வாங்குவதற்கு முன் கெப்பைப் பார்

இதே 4டி56 மூன்று விதமாக வந்தது: டர்போ இல்லாதது, டர்போ மட்டும் உள்ளது, டர்போவும் இன்டர்கூலரும் உள்ளது. முதலில் உன்னுடையது எது என்று பார். சிரிக்காதே. தம்பியின் கூட்டாளி ஒருவன் டர்போ இல்லாத கெப்புக்கு இன்டர்கூலர் வாங்கிக்கொண்டு வந்து, எங்கே பூட்டுவது என்று எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றவன். அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்ப முடிந்தது.

டர்போ இருக்கிறதென்றால், அதன் மூக்குக் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, விரலால் அச்சைப் பிடித்து ஆட்டு. பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம். உள்ளே வெளியே அசையக்கூடாது. சில்லு சுவரில் உரசின அடையாளமும் இருக்கக்கூடாது. குழாய்க்குள் எண்ணெய் மினுக்கம் கொஞ்சம் இருப்பது வழமை, ஈரம் வழிந்தால் வழமை இல்லை. எண்ணெய் கக்குகிற டர்போவுக்கு இன்டர்கூலர் பூட்டாதே. ஏன் என்று பின்னால் சொல்கிறேன், அது பெரிய கதை.

அடுத்தது ரேடியேற்றர். முன்னால் இன்டர்கூலர் வந்தால் ரேடியேற்றருக்குப் போகிற காற்று குறையும், போகிற காற்றும் கொஞ்சம் சூடாகத்தான் போகும். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற ரேடியேற்றருக்கு முன்னால் இன்டர்கூலரை நிறுத்துவது, நோயாளியின் ஜன்னலில் பாயைத் தொங்கவிடுவது மாதிரி. கழற்றிக் கழுவு. பூச்சி, தூசி, வைக்கோல் எல்லாம் செட்டைகளுக்குள் நிற்கும். தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடி. முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். அழுத்தம் கூட்டி அடித்தால் செட்டை மடங்கும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு விடுகிறவர்களைக் கண்டால் அப்பா எழும்பிப் போய்விடுவார். தேத்தண்ணீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அது அப்படியே ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் ஹெட்டுக்குள்ளும் பிடிக்கும். அலுமினிய ஹெட்டுக்குக் கூலன்ட் வேண்டும், வடித்த தண்ணீரில் கலந்து. மலைக்குப் போகிறவன் இதில் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது.

விசிறியின் விஸ்கஸ் கப்ளிங்கையும் பார். எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்தினால் விசிறி உடனே நிற்க வேண்டும். மின்விசிறி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கிற எண்ணெய் போய்விட்டது. தம்பியின் கெப்பில் ராம்பொடையில் கொதித்ததற்குக் காரணம் இதுதான். ஒரு கப்ளிங். இன்டர்கூலர் பூட்டியிருந்தால் இன்னும் கெதியாகக் கொதித்திருக்கும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினது என்று ஞாபகம் இல்லையென்றால், மாற்று. இந்த எஞ்சினில் இரண்டு பெல்ட். பலன்ஸ் அச்சுக்கு ஒரு சின்ன பெல்ட் உண்டு, அது அறுந்து பெரிய பெல்டுக்குள் போய் எல்லாவற்றையும் முடித்துவிடும். "சின்னனை விடுங்கோ, அது பரவாயில்லை" என்கிற மெக்கானிக்கிடம் கெப்பை விடாதே.

இவ்வளவும் செய்து முடிய, இன்டர்கூலருக்கு வைத்த காசில் பாதி போயிருக்கும். பலருக்கு அதோடு பிரச்சினையும் போயிருக்கும். போகாதவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

எந்த இன்டர்கூலர்?

உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போனால் இரண்டு விதம் காட்டுவார்கள். ஒன்று இதே எஞ்சின் போட்ட பஜேரோவில் எஞ்சினுக்கு மேலே படுத்திருப்பது. பொனட்டில் மூக்கு மாதிரி ஒரு ஓட்டை இருக்கிறதே, அது இதற்குத்தான். மற்றது ரேடியேற்றருக்கு முன்னால் நிற்பது.

மேலே படுப்பதற்குக் குழாய் குறைவு. அதே எஞ்சின்காரன் செய்தது, பொருந்தும். ஆனால் பொனட்டை வெட்ட வேண்டும், வெட்டின இடத்தில் மழைத்தண்ணீர், துரு, பெயின்ற் என்று செலவு வரும். மெதுவாக ஏறும்போது காற்றும் போகாது, கீழே கொதிக்கிற எஞ்சின் வேறு. நெரிசலில் நின்றால் ஆற்றுகிற சாமான் அடுப்பில் வைத்த தோசைக்கல் ஆகிவிடும். பாரம் ஏற்றி மலைக்குப் போகிற கெப்புக்கு முன்னால் நிற்பதுதான் என் தெரிவு. ஊருக்குள் ஓடுகிறவனுக்கு இன்டர்கூலரே தேவையில்லை.

பெரிதாக வாங்காதே. 2.5 லீற்றர் எஞ்சினுக்கு வாய் 50 முதல் 60 மில்லிமீற்றர் போதும். மூன்று அங்குல வாயுள்ள இன்டர்கூலரும் குழாயும் பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் அவ்வளவு இடத்தையும் டர்போ நிரப்பி முடிக்கும்வரை கால் மிதித்தும் கெப் யோசித்துக்கொண்டே நிற்கும். தடிப்பும் வேண்டாம். தடித்தது ரேடியேற்றருக்குக் காற்று விடாது. அகலமாக, மெல்லியதாக இருப்பதைப் பார்.

பாவித்தது வாங்குகிறாய் என்றால் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார். எண்ணெய் வந்தால் கழுவலாம். உலோகத் தூள் மினுங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வா. அது டர்போ உடைந்த வாகனத்திலிருந்து வந்தது. சில்லின் துண்டுகள் செட்டைக்குள் ஒளிந்திருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் ஒன்று மிஞ்சி உன் சிலிண்டருக்குள் போகும். கடைக்காரர் "கழுவிட்டுத்தான் வைச்சிருக்கிறம்" என்பார். கழுவினது வெளிப்பக்கம். புதிதாக வருகிற மலிவு இன்டர்கூலர்களில் பார்க்க வேண்டியது மூலைகளில் உள்ள வெல்டிங். ஊசி முனை அளவு துளை இருக்கும்.

கிணற்றடிச் சோதனை

துளை பார்ப்பதற்கு மெசின் தேவையில்லை. அப்பா செய்கிற மாதிரிச் செய். ஒரு வாயை ஹோஸ் துண்டும் மூடியும் போட்டுக் கிளிப்பால் இறுக்கு. மற்ற வாய் மூடியில் ரியூப் வால்வ் ஒன்றைப் பொருத்து. கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் நிறைத்து, இன்டர்கூலரை முழுதாகத் தாழ்த்து. சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடி, 15 பி.எஸ்.ஐ. வந்ததும் நிறுத்து. கொம்பிரஸரைக் கொண்டுவராதே. மூடி கழன்றால் துவக்குக் குண்டு மாதிரிப் போகும், முகத்தை நேரே வைக்காதே.

முதலில் வெளியே ஒட்டியிருக்கிற காற்றுக் குமிழ்கள் வரும். கையால் தடவிவிட்டுக் காத்திரு. தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு, ஒரே இடத்திலிருந்து நூல் பிடித்த மாதிரிக் குமிழ் வருகிறதா பார். தம்பி வாங்கி வந்ததில் இடப்பக்க மூலையில் வந்தது. ஒன்றன் பின் ஒன்றாக, கடுகளவு. அவன் "அது சின்னன் அக்கா" என்றான். அந்தச் சின்னனுக்குள்ளால்தான் டர்போவின் உழைப்புப் போகும். ஆர்கன் வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் அடைத்தோம். அலுமினியத்துக்கு எங்கள் ஈயம் ஒட்டாது.

கழுவுவதைப் பற்றி ஒன்று. எங்கள் பித்தளை ரேடியேற்றர்களைக் கோஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவோம். அந்தப் பழக்கத்தில் அலுமினிய இன்டர்கூலரை ஊறப்போட்டுவிடாதே, அலுமினியத்தைச் சோடா தின்னும். மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, வெளியே ஊற்றி, வருகிறது தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய். பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். பிறகு வெயிலில் ஒரு பகல் முழுக்க, வாய் கீழே பார்க்க. மண்ணெண்ணெய் வாசம் துளியும் இல்லாமல் போன பிறகுதான் பூட்டு.

ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறேன் என்றால், டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் பம்பிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. இன்டேக் வழியாக எது வந்தாலும், எண்ணெயோ மண்ணெண்ணெயோ, எரித்துவிடும். எனக்குப் பதினாலு வயது இருக்கும். கராஜ் முற்றத்தில் ஒரு வான், டர்போ எண்ணெய் கக்கி இன்டர்கூலரின் அடியில் தேங்கியிருக்கிறது, யாருக்கும் தெரியாது. ரேடியேற்றர் பூட்டி முடிந்து ஸ்டார்ட் பண்ணி, ஓட்டுநர் ஒருக்கால் காலை அழுத்தினார். எஞ்சின் குரல் ஏறியது. காலை எடுத்தார், இறங்கவில்லை. சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. வெள்ளைப் புகை முற்றம் முழுக்க. அவர் இறங்கி ஓடிவிட்டார். அப்பா காற்று பில்டரின் குழாயைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் கிடந்த பலகைத் துண்டை அந்த வாயில் வைத்து அழுத்தினார். பலகை வாயோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு தரம் இருமிவிட்டு எஞ்சின் நின்றது. அதற்குப் பிறகு கன நேரம் அப்பா அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தவர்.

இது உனக்கு நடந்தால் கையால் மூடாதே, துணியாலும் மூடாதே, உள்ளே இழுத்துவிடும். பலகை, தடித்த புத்தகம், தட்டையான எதுவும். பலகைக்கு வழியில்லை, கெப் கிளட்ச் உள்ளது என்றால், பிரேக்கை முழுதாக மிதித்து, பெரிய கியரைப் போட்டுக் கிளட்சை விடு, எஞ்சின் மூச்சடைத்து நிற்கும். இரண்டும் முடியாதென்றால் தூரப் போ. எஞ்சின் போகட்டும்.

குழாயும் கிளிப்பும்

தம்பி இன்டர்கூலருக்குக் கொடுத்ததைவிடக் குழாய், ஹோஸ், கிளிப், வெல்டிங் என்று கொடுத்தது கூட. "மலிவா ஒண்டு" என்று கோல் எடுத்தபோது இது அவன் கணக்கில் இருக்கவில்லை. உன் கணக்கில் இருக்கட்டும்.

சைலன்சர் செய்கிற இரும்புக் குழாய் மலிவு. ஆனால் எங்கள் கடற்கரை ஊர்களில் உள்ளே துரு பிடித்து, உரிந்து, எஞ்சினுக்குப் போகும். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் போடு. வளைவுகளைக் குறை. வெல்டிங் முடிந்ததும் உள்ளே பார். கசடு மணி மணியாக ஒட்டியிருக்கும். சுரண்டி, துணி கட்டின கம்பி விட்டு இழுத்து, காற்றடித்துத் துப்பரவு செய். நான் அந்தக் குழாய்களைத் தட்டித் தட்டிக் கேட்டேன். மூன்றாம் தரமும் ஒரு மணி விழுந்தது.

குழாயின் நுனி வழுவழு என்று இருந்தால் ஹோஸ் வழுக்கிக் கழலும். நுனியைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு மேடு எழுப்பச் சொல். ஹோஸ் சிலிக்கனாக இருக்கட்டும். ரேடியேற்றர் ஹோஸை வெட்டிப் போடுவார்கள், ஒரு மாதம் நல்லாக இருக்கும், பிறகு எண்ணெய் ஆவியிலும் சூட்டிலும் ஊறிப் பஞ்சு மாதிரி ஆகும். கிளிப் திருகுப்பல் உள்ளதை விட, போல்ட் போட்டு இறுக்குகிற அகலக் கிளிப் வாங்கு. எஞ்சின் ஆடும், இன்டர்கூலர் சட்டத்தில் ஆடாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஹோஸ்தான் வளைந்து கொடுக்க வேண்டும். ஆகவே இரும்போடு இரும்பு முட்டும்வரை குழாயை உள்ளே தள்ளாதே. இன்டர்கூலரின் கால்களுக்கும் றப்பர் வை.

முன்னால் நிறுத்தும்போது ஏ.சி. கொண்டென்சரோடு ஒட்டாமல் விரல் இடைவெளி விடு. பக்கங்களில் ஓட்டையாக விட்டால் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். தகரமோ றப்பரோ வைத்து அடை. பிறகு நீயே முன்னால் பெரிய விளக்கு நாலு, ஸ்டிக்கர், கோயில் மாலை என்று மூடிவிடாதே. மாலையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போடு, பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

இன்டேக்கிலிருந்து டீசல் பம்புக்கு ஒரு மெல்லிய ஹோஸ் போகும். டர்போ எவ்வளவு அமுக்குகிறது என்று பம்புக்குச் சொல்கிறது அதுதான். அது கழன்றோ வெடித்தோ இருந்தால் பம்ப் டீசலைக் கூட்டாது, கெப் மாடு மாதிரி நிற்கும், எல்லோரும் இன்டர்கூலரைத் திட்டுவார்கள். அதை இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கிற இன்டேக்கிலேயே விடு.

திருகாணியில் கை வைக்காதே

பூட்டி முடிந்ததும் மெக்கானிக் சொல்வார், "தம்பி, இப்ப காத்துக் கூட, பம்பில அரைச் சுத்து விட்டா பறக்கும்." பறக்கும்தான். இன்டர்கூலர் சம்பாதித்த குளிர்மை முழுவதையும் அந்த அரைச் சுற்று தின்றுவிடும், மேலதிகமாக ஹெட்டையும் கேட்கும். டர்போவின் அமுக்கத்தைக் கூட்டுகிற வேலையும் அப்படித்தான். எக்ஸோஸ்ட் சூடு காட்டுகிற மீற்றர் இல்லாமல் இரண்டையும் தொடாதே.

அந்த மீற்றரை நான் இன்டர்கூலருக்கு முதலே வாங்கச் சொல்வேன். அதன் முனை டர்போவுக்கு முன்னால், மனிபோல்டில் இருக்க வேண்டும். துளையிடும்போது மனிபோல்டைக் கழற்றித் துளையிடு, இரும்புத் தூள் டர்போவுக்குள் போகக்கூடாது. ஏற்றத்தில் முள் 700 பாகையைப் பார்க்க வெளிக்கிட்டால் காலை எடு, ஒரு கியர் குறை. தம்பி ஏற்றங்களில் நாலாம் கியரைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிற பழக்கம் உள்ளவன். மீற்றர் பூட்டின நாளிலிருந்து மூன்றுக்கு மாற்றுகிறான். நான் ஐந்து வருசம் சொல்லிக் கேட்காததை ஒரு முள் சொல்லிக் கேட்டான்.

பூட்டின பிறகு அமுக்கம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைந்து காட்டும். காற்று ஆறினால் அப்படித்தான். அதற்கு மேல் குறைந்தால், அல்லது மிதிக்கும்போது "உஸ்" என்று சத்தமும் கரும்புகையும் வந்தால், எங்கோ காற்றுப் போகிறது. சவர்க்காரத் தண்ணீரை மூட்டுகளில் பூசிப் பார், நுரைக்கும்.

கடதாசி வேலை

இதை யாரும் டிப்ஸில் எழுதுவதில்லை. முன்னால் உள்ளே நிற்கிற இன்டர்கூலரை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்காதே. விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதிக்காரர் பொனட்டைத் திறப்பார். பூட்டுவதற்கு முன் அவர்களுக்கு எழுத்தில் அறிவி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரித்துவிடு. பொனட்டை வெட்டுகிறவன் கட்டாயம் விசாரிக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருசா வருசம் புகைப் பரிசோதனை இருக்கிறது. பம்பைத் திருகாமல் இன்டர்கூலர் மட்டும் பூட்டினவனுக்கு அங்கே பயமில்லை. திருகினவன் பரிசோதனைக்கு முதல் நாள் திருப்பித் திருகிக்கொண்டு நிற்பான்.

தம்பியின் கெப் இப்போது எப்படி என்று கேட்டால், கப்ளிங் புதிது, ரேடியேற்றர் கழுவினது, கூலன்ட் விட்டது, இன்டர்கூலர் முன்னால் நிற்கிறது. போன செவ்வாய்க்கிழமை அதே முக்கால் தொன் பாரத்தோடு ஏறினான். மூன்றாம் கியரில் ராம்பொடையை நிற்காமல் தாண்டி, 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிவிட்டுத்தான் கோல் எடுத்தான். டீசல் செலவு முன்னைப் போலத்தான், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. முள் நடுவை விட்டு அசையவில்லையாம்.

"கிளிப்பெல்லாம் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"என்னத்தைப் பாக்கிறது, புதுசுதானே?"

புதுசுதான் இறங்கும். முதல் ஐந்நூறு கிலோமீற்றருக்குள் எல்லாக் கிளிப்பையும் ஒருக்கால் இறுக்கிப் பார்க்க வேண்டும், எஞ்சின் ஆறியிருக்கும்போது. சிலிக்கன் சூட்டில் அமர்ந்து கொடுக்கும், நேற்று இறுக்கமாக இருந்தது இன்றைக்கு இளகும். அதற்குப் பத்தாம் நம்பர் சொக்கட் வேண்டும். அது அப்பாவின் பெட்டியிலிருந்து போன மாதமே காணாமல் போய்விட்டது. தம்பி, உன் சீற்றுக்குக் கீழே தேடிப் பார்.